பிஸ்கட் டின்னில் கிடைத்த மிருகப் படங்கள்: எந்த ஊர், எந்த வருஷம், என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான்: பெரியம்மா வீட்டுப் பரணில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் 31 சின்னச் சின்னக் கறுப்பு வெள்ளைப் படங்கள், கூடவே கொஞ்சம் நெகட்டிவ். எல்லாவற்றிலும் யானை, சிங்கம், முதலை, ஒட்டகச்சிவிங்கி. சிலவற்றின் பின்பக்கம் 'உ.கா. 1958' என்று இங்க் பேனாவில் எழுதியிருக்கிறது. தாத்தா எடுத்தவை என்று வீட்டில் சொல்கிறார்கள். இது வண்டலூரா, வேறு ஊரா? 'உ.கா.' யாருடைய பெயர்? விலை போகுமா? கம்பி மறைக்கிற இடங்களை வெட்டிவிட்டு, மிருகம் மட்டும் தெரிகிற மாதிரி பெரிதாக்கி ஆல்பம் போடலாமா?

முதலில் 'உ.கா.'வை முடித்துவிடலாம். அது யாருடைய இனிஷியலும் இல்லை, உயிர் காலேஜ். அந்தக் காலத்தில் மெட்ராஸ் பார்க்க வந்தவர்கள் எழும்பூர் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்பார்கள், சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சிசாலையை உயிர் காலேஜ் என்பார்கள். ஒன்றில் பாடம் பண்ணி வைத்த மிருகம், மற்றதில் மூச்சு விடுகிற மிருகம். இதில் வேடிக்கை, இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. 1851இல் தொடங்கிய மியூசியத்துக்கு எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ டாக்டர் பொறுப்பாக இருந்தார். உயிருள்ள புலி போன்ற ஒன்றிரண்டு மிருகங்களை அங்கே வைத்ததும் கூட்டம் அலைமோதுவதைப் பார்த்து, கர்நாடக நவாபிடம் பேசி அவருடைய மிருகங்களையும் மியூசியத்துக்குக் கொடுக்க வைத்துவிட்டார். 1855இல் மியூசிய வளாகத்திலேயே மிருகக்காட்சிசாலை உருவானது. ஒரே வருஷத்தில் 300க்கும் மேற்பட்ட உயிரினங்கள் சேர்ந்துவிட்டன. 1863இல் அதை நகராட்சி எடுத்துக்கொண்டு சென்ட்ரல் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றியது. அடுத்த நூற்றிருபது வருஷத்துக்கு மெட்ராஸ்காரர்களுக்கு ஜூ என்றால் அந்த இடம்தான்.

ஆகவே 1958 என்றால் வண்டலூர் என்ற பேச்சுக்கே இடமில்லை. வண்டலூர்ப் பூங்கா பொதுமக்களுக்குத் திறந்தது 1985 ஜூலையில். அங்கே பெரிய மிருகங்களுக்குக் கூண்டு கிடையாது. அகழி, அதற்கு அப்பால் புதர், அதற்குள் எங்கேயோ புலி. உங்கள் படங்களில் இருப்பது கைக்கெட்டும் தூரத்துக் கம்பிக் கூண்டு.

நீங்கள் அனுப்பியதில் நான்காவது படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துக்கு இடது பக்கம், மரத்துக்கு மேலே, கோபுரம் மாதிரி மங்கலாக ஒன்று தெரிகிறதே, அது மூர் மார்க்கெட்டாக இருக்கலாம், ரிப்பன் மாளிகையாகவும் இருக்கலாம். ரிப்பன் மாளிகை வெள்ளை, நடுவில் ஒரே மணிக்கூண்டு. மூர் மார்க்கெட் செங்கல் நிறம், கறுப்பு வெள்ளையில் அழுத்தமான சாம்பலாக வரும். உங்கள் ஸ்கேனில் அது வானத்தைவிட நன்றாகக் கறுத்துத் தெரிவதால் என் ஓட்டு மூர் மார்க்கெட்டுக்கு. நெகட்டிவை ஸ்கேன் செய்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். 1900இல் திறந்த அந்தக் கட்டடம் 1985 மே மாதம் தீயில் போனது. அடுத்த இரண்டே மாதத்தில் வண்டலூர் திறந்தது. ஒரே கோடையில் அந்த வட்டாரத்தின் முகம் மாறிவிட்டது.

31 படமும் ஒரே நாளில் எடுத்தவை அல்ல. ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 'உ.கா.' என்று எழுதியவை எல்லாம் இரண்டே கால் அங்குலத்துக்கு மூன்றே கால் அங்குலம், நீள்சதுரம். எழுதாத பதினோரு படங்கள் இரண்டே கால் அங்குலச் சதுரம். அந்தக் காலத்தில் வீட்டுப் படங்களைப் பெரும்பாலும் பெரிதாக்க மாட்டார்கள். நெகட்டிவைக் காகிதத்தின் மேல் அப்படியே வைத்து ஒளி காட்டி எடுக்கும் காண்டாக்ட் பிரிண்ட்தான். அதனால் பிரிண்டின் அளவே நெகட்டிவின் அளவு, நெகட்டிவின் அளவைக் கொண்டு கேமரா எந்த வகை என்று ஓரளவு ஊகிக்கலாம். இரண்டுக்கும் ஒரே 120 பிலிம்தான். நீள்சதுரமாக எடுத்தால் ஒரு ரோலில் எட்டு, சதுரமாக எடுத்தால் பன்னிரண்டு.

நீள்சதுரப் படங்கள் பெரும்பாலும் பாக்ஸ் கேமராவுடையவை. கோடாக் கம்பெனி 1900இல் ஒரு டாலருக்கு விற்க ஆரம்பித்த பிரௌனியின் வம்சம். கறுப்புப் பெட்டி, முன்னால் ஒரு கண், மேலே ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். சதுரப் படங்கள் இந்தியாவில் வீட்டுக்கு வீடு இருந்த அக்ஃபா கிளிக் 3 மாதிரியான கேமராவில் எடுத்தவையாக இருக்கும். டின்னில் 'இந்து' பிலிம் அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அது ஊட்டியில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரிப்பு, அங்கே உற்பத்தி தொடங்கியது 1967இல். அந்தப் பெட்டி சதுரப் படங்களோடு சேர்ந்தது என்றால் அவை 1967க்குப் பிந்தியவை. ஆனால் டின்னில் பிற்பாடு யாராவது பெட்டியை மட்டும் போட்டிருக்கலாம். நான் ஒரு முறை இப்படி டின்னை நம்பி ஏமாந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

சதுரப் படங்களில் இரண்டு எனக்கு மெட்ராஸ் மாதிரியே படவில்லை. ஒன்றில் சிங்கத்துக்கும் உங்கள் குடும்பத்துக்கும் நடுவே கம்பியே இல்லை, பள்ளம்தான் இருக்கிறது. கம்பியில்லாமல் அகழி வெட்டி மிருகத்தை நிறுத்தும் முறையை 1907இல் ஹாம்பர்க் பக்கத்தில் காட்டிப் பிரபலமாக்கியவர் கார்ல் ஹாகன்பெக். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரும், இலங்கை மிருகக்காட்சிசாலையை நடத்திய மேஜர் வைன்மனும் சேர்ந்து திட்டம் போட்டுக் கொடுத்ததுதான் 1959 நவம்பரில் திறந்த டெல்லி மிருகக்காட்சிசாலை. தாத்தா ரயில்வேயில் இருந்தார் என்கிறீர்கள், பாஸில் டெல்லி போய் வந்திருக்கலாம். மைசூரையும் தள்ளிவிட முடியாது. இன்னொரு படத்தில் யானைகள் வரிசையாக நின்று காலைத் தூக்குகின்றன, சுற்றிலும் கூட்டம். யானை ஆட்டத்துக்குப் பெயர் போனது கொழும்பை ஒட்டிய தெஹிவளை. உங்கள் வீட்டில் யாராவது சிலோன் போய் வந்தார்களா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் ஏதாவது சர்க்கஸாகவும் இருக்கலாம்.

பின்பக்கம் எழுதியிருப்பதை எவ்வளவு நம்பலாம்? பாதி. படம் எடுத்த அன்றே யாரும் எழுதுவதில்லை, என்றைக்காவது மழைக்காலத்தில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதுவார்கள். ஒன்றிரண்டு வருஷம் தள்ளிப்போவது சகஜம். எழுத்து வடிவமும் கொஞ்சம் உதவும். ஏழாவது படத்தின் பின்னால் 'யானை' என்று இருப்பதைப் பாருங்கள். 'னை'யின் ஐகாரம் தனியாக முன்னால் நிற்கவில்லை, எழுத்தோடு ஒட்டித் துதிக்கை மாதிரி மேலே சுழன்று வளைகிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம் அது. பழகிய கை அதற்குப் பிறகும் அப்படித்தான் எழுதும் என்பதால் இதை வைத்து வருஷம் சொல்ல முடியாது. எழுதியவர் பள்ளியில் எந்தத் தமிழ் படித்தார் என்று சொல்லலாம், அவ்வளவே. யானை என்ற சொல்லிலேயே ஒரு யானை நிற்கிறதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும், அதற்காகவும்தான் சொன்னேன்.

நெகட்டிவின் ஓரம் இதைவிட நல்ல சாட்சி. ஓரத்தில் பொடி எழுத்தில் பிலிமின் பெயர் இருக்கும். கோடாக்கின் 'வெரிக்ரோம்' என்று மட்டும் இருந்தால் பழையது, 'வெரிக்ரோம் பான்' என்று இருந்தால் 1956 அல்லது அதற்குப் பிறகு. இந்த 'பான்' என்கிற ஒரு சொல் படத்தையே மாற்றிவிடும். 'பான்' இல்லாத பழைய வெரிக்ரோமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாகவும், ஆரஞ்சு கிட்டத்தட்டக் கறுப்பாகவும் விழும். அந்தப் பிலிமில் புலியை எடுத்தால் உடம்பும் வரியும் ஒன்றோடொன்று கலந்து, நனைந்த கம்பளி மாதிரி ஒரு மிருகம் வரும். மூன்றாவது படத்தைச் சிறுத்தை என்று குறித்திருக்கிறீர்கள். வயிற்றுப் பக்கம் வெள்ளையாக இருக்கிற இடத்தில் மட்டும் பட்டை பட்டையாகக் கோடு தெரிகிறது, அது புலிதான். பக்கத்தில் நிற்கும் அம்மாளின் நெற்றியைப் பாருங்கள், குங்குமம் தார்ப்பொட்டு மாதிரி கறுப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பழைய வகைப் பிலிம் என்றுதான் தோன்றுகிறது. ஆக, 1958 என்று எழுதியிருந்தாலும் அந்த ரோல் அதற்குச் சற்று முந்தியதாகவோ, கடையில் தேங்கிக் கிடந்ததாகவோ இருக்கலாம். நெகட்டிவ் ஓரத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. இந்தப் படங்களை வைத்து, அன்றைக்கு உயிர் காலேஜில் என்னென்ன இருந்தன என்று பட்டியல் போட்டுவிடாதீர்கள். பாக்ஸ் கேமராவில் ஷட்டர் ஒரே வேகம், ஏறக்குறைய நொடியில் முப்பதில் அல்லது ஐம்பதில் ஒரு பங்கு. பிலிமும் மந்தம். வெயில் நேராக விழுந்தால்தான் படம். கூரை போட்ட கூண்டுக்குள் இருப்பது எல்லாம் கருங்குகையாகிவிடும். நகர்வது எல்லாம் கரைந்துவிடும். போதாததற்கு ஒரு ரோலுக்கு எட்டே படம், வாங்கும் செலவு, கழுவும் செலவு. யார் குரங்குக் கூண்டில் ஒரு பிலிமை வீணாக்குவார்கள்? அதனால்தான் எந்த வீட்டு டின்னைத் திறந்தாலும் யானை, ஒட்டகச்சிவிங்கி, ஒட்டகம், தூங்குகிற முதலை. வெளியே வெயிலில் நிற்கும், அசையாது. உங்கள் 31இல் குரங்கு ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா? குரங்கு இல்லாத ஜூவா?

இந்தச் சங்கடம் புகைப்படம் பிறந்த நாளிலிருந்தே உண்டு. 1850இல் லண்டன் மிருகக்காட்சிசாலைக்கு ஒபேஷ் என்ற நீர்யானைக் குட்டி வந்தபோது ஊரே அதைப் பார்க்க ஓடியது. 1852இல் அதைப் படம் எடுத்தவர் தொழில்முறைக்காரர் அல்ல, பொழுதுபோக்காகக் கேமரா பிடித்த மான்டிசோன் பிரபு, ஸ்பெயின் அரச குடும்பத்து ஆள். ஒபேஷ் தொட்டி ஓரத்தில் கிடந்து தூங்குகிறது. தூங்காவிட்டால் அன்றைய தட்டில் ஒரு புகைதான் மிஞ்சியிருக்கும். அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பிரபு வேலிக்கு உள்ளே நின்று எடுத்திருக்கிறார். அதனால் நீர்யானை திறந்த வெளியில் சுகமாகப் படுத்திருக்க, பின்னால் தொப்பி போட்ட கனவான்கள் கம்பிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறார்கள். கம்பியை வெட்டிவிட்டால் அந்தப் படத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

வெட்டலாமா என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இதுதான். வெட்டாதீர்கள். சிங்கத்தின் நல்ல படம் உலகத்தில் கோடி இருக்கிறது, இனிமேலும் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கம்பியின் கனம், கூண்டுக்கு முன்னால் இருந்த குட்டைத் தடுப்பு, அதன்மேல் காலை வைத்து ஏறி நிற்கும் பாவாடை சட்டைப் பெண், தகரப் பலகையில் பாதி தெரிகிற எழுத்து, கடலைப் பொட்டலம், இவற்றையெல்லாம் யாரும் தனியாகப் படம் எடுத்து வைக்கவில்லை. பீப்பிள்ஸ் பார்க் நிலத்தை விக்டோரியா மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, ஸ்டேடியம் என்று ஒவ்வொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டன. உயிர் காலேஜின் கூண்டு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமென்றால் இந்த மாதிரி டின்களைத்தான் திறக்க வேண்டும். லண்டனில் 1860களில் ஒரு குவாகாவைப் படம் எடுத்தார்கள். வரிக்குதிரைக்கு உறவு, முன்பாதியில் மட்டும் கோடு. எடுத்தவர்களுக்கு அது கூட்டத்தில் இன்னொரு மிருகம். 1883இல் ஆம்ஸ்டர்டாமில் கடைசிக் குவாகா செத்தபோது, உயிரோடு இருந்த குவாகாவின் படம் என்று உலகத்துக்கு மிஞ்சியது அந்த லண்டன் பெண் குவாகாவின் ஐந்து படங்கள்தான். உங்கள் படங்களில் காணாமல் போயிருப்பது மிருகம் அல்ல, இடம்.

எனக்கே நடந்த ஒரு கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா எடுத்த கரடிப் படம் ஒன்றைப் பெரிதாக்க ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். கடைக்காரர் நல்ல மனிதர், நமக்கு உதவி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஓரத்தில் 'தேவையில்லாமல்' நின்ற கையை வெட்டி எடுத்துவிட்டார், பிரிண்டையே கத்தரித்து. அது என் பாட்டியின் கை, வளையலோடு. கரடி மட்டும் இப்போது சுவரில் இருக்கிறது.

விலை? நேராகச் சொன்னால், எதிர்பார்க்காதீர்கள். பழைய படம் விற்பவர்கள் ராஜா, ஜமீன், நடிகர் படத்துக்குத்தான் வாய் திறப்பார்கள். குடும்பம் கூண்டு முன்னால் நிற்கிற படத்துக்கு டீக்காசு வந்தால் பெரிது. சென்னை வரலாற்றில் அக்கறை உள்ளவர்களுக்கு ஸ்கேனாகக் கொடுங்கள், அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.

பாதுகாக்கும் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிகிற விஷயம். டின்னை விட்டு உடனே எடுத்துவிடுங்கள், நம் ஊர் ஈரத்தில் டின் உள்ளே வேர்க்கும். நெகட்டிவை முகர்ந்து பாருங்கள். காடி வாடை அடித்தால் பிலிம் சிதைய ஆரம்பித்துவிட்டது, அதை மட்டும் தனியாக வைத்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பிரிண்டுகளைப் பிய்க்காதீர்கள், தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். துணி போட்டு அழுத்தித் துடைப்பது, லேமினேஷன், பசை ஒட்டும் பிளாஸ்டிக் தாள் ஆல்பம், இந்த மூன்றும் கூடவே கூடாது. மூன்றாவது, லேமினேஷனைவிட அதிகப் படங்களைக் கொன்றிருக்கிறது. ஸ்கேன் செய்யும்போது இவ்வளவு சின்னப் பிரிண்டுக்கு 1200 டிபிஐ வையுங்கள், வெள்ளை ஓரம் முழுக்க வரட்டும், பின்பக்கத்தையும் எடுங்கள். புதிதாக ஏதாவது குறிக்க வேண்டுமென்றால் பின்னால் ஓரத்தில் மெல்லிய பென்சில். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் புடைக்கும். பிறகு அமிலம் இல்லாத காகித உறை, அதை அலமாரியின் நடுத்தட்டில், வெளிச்சுவரை ஒட்டாமல்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. பாக்ஸ் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்க்க முடியாது. வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து மேல் ஜன்னலில் பார்க்க வேண்டும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த விதி. அதனால் மாலை வெயிலில் எடுத்த படங்களில் எடுத்தவரின் நிழல் கீழே வந்து விழும். உங்கள் ஒன்பதாவது படம், முதலைத் தொட்டி. கீழ் ஓரத்தில் நீளமாக ஒரு நிழல் கிடக்கிறது. இரண்டு முழங்கையும் பக்கவாட்டில் துருத்தியிருக்கின்றன, தலை குனிந்திருக்கிறது. சந்தேகமே இல்லாமல் பாக்ஸ் கேமரா. ஆனால் அந்தத் தலை நிழலின் உச்சியில் உருண்டையாக ஒரு மேடு இருக்கிறது, குனிந்த தலையில் கொண்டை அப்படித்தான் விழும். இடது கைக்குக் கீழே முக்கோணமாகத் தொங்குவது முந்தானை. தொட்டியின் தடுப்பில் சாய்ந்து கேமராவைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் தாத்தா என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். 'உ.கா.' படங்கள் இருபதில் ஏழில் தாத்தா இருக்கிறார், பாட்டி ஒன்றில்கூட இல்லை. வழிப்போக்கர் யாரிடமாவது ஒரு முறை கொடுத்து எடுத்திருக்கலாம், ஏழு முறையா? அந்தப் பாவாடை சட்டைப் பெண் பெரியம்மாதான் என்றால், அவரிடமே கேட்டுப் பாருங்கள், கேமரா யார் தோளில் தொங்கியது என்று.